ஜோன் ஹேர்சியின் எழுத்தும் மெய்ம்மையும்

பத்திரிகை எழுத்து அன்று தோன்றி அன்றே மாய்வது என்பர். அக்கூற்றினை மறுக்கப் புகுவார் முதற்கண் எடுத்துக்காட்டத்தக்க நூல், அமெரிக்கப் பத்திரிகையாளராகிய ஜோன் ஹேர்சி எழுதிய 'ஹிரோஷிமா' ஆகும்.

ஹேர்சி 1914 இல் சீனாவின் தியன்சின் நகரில், மிஷனரிப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்திற் கற்றபின், நாவலாசிரியர் சிங்கிளயர் லூயிசிடம் சிலகாலம் செயலாளராயிருந்து, 'டைம்' சஞ்சிகையிற் சேர்ந்து போர் நிருபரானார். இத்தாலியச் சிற்றூரொன்றினைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய 'அடானோவுக்கு ஒரு மணி' என்னும் நாவல் 1945 இல் புலிற்சர் பரிசு பெற்றது. பரிசு பெற்றதெனினும், அதன் தலைவனாகிய மேஜர் ஜொப்போலோ நல்லவன் என்பதற்கு மேலாக எதுவும் நம் நெஞ்சில் நிலைப்பதில்லை. ஆசிரியர் தம் விருப்பத்தையே பாத்திரமாக்கிவிட்டார்.

'ஹிரோஷிமா' அத்தகையதன்று. 1946 ஓகஸ்ட் 31 ஆந் திகதி 'நியூ யோர்க்கர்' சஞ்சிகை தன் இதழ் முழுவதையும் அவ்வொரு கட்டுரைக்கே அளித்தது. நான்கு பகுதிகளாக வெளியிட எண்ணியதனை ஒருசேர வெளியிடச் செய்தவர் துணையாசிரியர் வில்லியம் ஷோன். குண்டு வீழ்ந்த காலை தொடங்கி, உயிர் தப்பிய அறுவரின் அனுபவங்களை மாறிமாறிக் கூறுவது அதன் அமைப்பு. தோர்ன்ரன் வைல்டரின் 'சான் லூயி ரேயின் பாலம்' என்னும் நாவலே இவ்வமைப்புக்கு வழிகாட்டியது என்பதை ஹேர்சியே கூறியுள்ளார்.

இந்நூலிலே ஆசிரியர் அழுவதில்லை, எவரையும் பழிப்பதுமில்லை. மேரி மக்கார்தி என்னும் விமரிசகர் இதனையே குற்றமாகக் கண்டார்: அணுக்குண்டினை நிலநடுக்கம் போன்றதோர் இயற்கைக் கேடாக இந்நூல் சுருக்கிவிட்டது என்பது அவர் வாதம். குண்டினை எறியத் துணிந்தோர் இந்நூலில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் அவ்வாதம் முழுதும் ஏற்கத்தக்கதன்று. 600 படுக்கைகளே உள்ள செஞ்சிலுவை மருத்துவமனையைக் காயமுற்றோர் பதினாயிரவர் வந்து சூழ்கின்றனர். ஊறுபடாத மருத்துவர் ஒருவரே அங்குளர். தனிமொத்தோ என்னும் போதகர், ஆற்றங்கரையிலே பிணங்கள் சூழ்ந்து கிடந்த தோணியை எடுக்குமுன் இறந்தோரிடம் மன்னிப்பு வேண்டுகின்றார். அத்தோணியிலே அவர் கரை சேர்த்தோருட் சிலரை இரவில் ஏறிய நீர் கொண்டுபோகின்றது. இங்கே ஆசிரியர் ஒரு சொல் இரங்கிக் கூறியிருப்பாராயின், அவலம் அவருடையதாகியிருக்கும். அவர் வாளாவிருந்தமையால் மெய்ப்பாடு வாசகனிடத்தே பிறக்கின்றது. குற்றவாளியைத் தேடும் பொறுப்பும் அவனையே சார்கின்றது.

1980 இல் எழுதிய கட்டுரையொன்றிலே, பத்திரிகையாளன் எதனையும் புனைந்து சேர்த்தலாகாது என ஹேர்சி வலியுறுத்தினார். வார்சோ யூதர் சேரியைப் பற்றிய 'சுவர்' (1950) என்னும் நூலில் நாட்குறிப்புகளைத் தாமே கற்பித்தவரன்றோ அவர் எனச் சிலர் வினவலாம். அது நாவல் என்றே வெளிவந்தது. ஆதலின் வாசகன் ஏமாற்றப்படவில்லை. 1988 இல் ஜேம்ஸ் ஏஜியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையே உண்மையான இழுக்கு. பிறரொருவரது வாழ்க்கை வரலாற்று நூலிலிருந்து பெற்றவற்றை அந்நூலைச் சுட்டாது அதிற் பயன்படுத்தினார். பின்னர் வருத்தமுந் தெரிவித்தார். பிறர்க்கு விதி வகுத்தவர் என்பதால் இத்தவறு பெரிதாகவே தோன்றுகின்றது.

அவர் 1993 இல் மறைந்தார். அதற்கு எட்டாண்டுகள் முன்னர், 1985 இல், அவ்வறுவரின் பிற்கால வாழ்வை ஆராய்ந்து 'ஹிரோஷிமா'வுக்கு இறுதி அத்தியாயமொன்றைச் சேர்த்திருந்தார். நாற்பதாண்டு நோயும் வறுமையும் முதுமையும் அங்கே அதே அடங்கிய நடையிற் பேசப்படுகின்றன. முதற்பதிப்பை மட்டும் கற்ற மாணவர் அதனையும் தேடிக் கற்றல் வேண்டும்.