ஒரே வீட்டில் இரு திரைகள்: இணைப்பை மறந்த திட்டங்கள்

அரசு வழங்கும் பொருளை இரு வகையாக மதிப்பிடலாம். அது எத்தனை பேருக்குச் சென்றது என்பது ஒரு கணக்கு. சென்ற வீட்டில் என்ன பணி செய்தது என்பது மற்றொரு கணக்கு. முன்னதை நாம் அடிக்கடி கேட்கிறோம். பின்னதைக் கேட்பது அரிது. தமிழகத்தின் இரு பெருந்திட்டங்களை இந்த இரண்டாம் கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கி 2011 வரை நடந்தது. அதில் வழங்கப்பட்டவை 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள். 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. இரண்டும் அண்ணா பிறந்த நாளில் தொடங்கியவை. இரண்டிற்கும் கொள்முதல் செய்த நிறுவனம் எல்காட். காக்களூருக்குச் செல்லும் அதே இரயில் பாதையில் உள்ள நெமிலிச்சேரி போன்ற ஊரில், குடும்ப அட்டைக்குக் கிடைத்த பெட்டியும் மகளுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினியும் ஒரே அறையில் இருக்க முடியும். ஆனால் ஒன்றோடொன்று பேச முடியுமா?

நேரடியாக முடியாது. அக்காலத் தொலைக்காட்சியின் பின்புறம் பொதுவாக ஆன்டெனாத் துளையும், மஞ்சள், வெள்ளை நிற ஏ.வி. துளைகளும் இருக்கும். மடிக்கணினியிலோ பொதுவாக வி.ஜி.ஏ., எச்.டி.எம்.ஐ. என்ற துளைகளே உண்டு. எச்.டி.எம்.ஐ. படத்தை டிஜிட்டல் எண்களாக அனுப்புகிறது. மஞ்சள் துளை அனலாக் மின்னலையை எதிர்பார்க்கிறது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அதுவே மாற்றி எனப்படும் சிறு மின்சுற்றுப் பெட்டி. ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ.யும் மறுமுனையில் மூன்று வண்ணச் செருகிகளும் கொண்ட வெறும் கம்பி வடங்களும் கடைகளில் விற்கப்படுகின்றன. உள்ளே மின்சுற்று இல்லாத வடம் மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. படத்தை மாற்றித் தராது. அதை வாங்குவோருக்குப் பணம்தான் நட்டம்.

மாற்றியைப் பொருத்தினாலும் குறை தீர்வதில்லை. நம் நாட்டுப் பழைய ஒளிபரப்பு முறையில் ஒரு படத்திற்கு 625 கோடுகள். அவற்றுள் கண்ணுக்குத் தெரிபவை ஏறத்தாழ 576. மடிக்கணினித் திரையிலோ பெரும்பாலும் 1366 × 768 புள்ளிகள். ஒளிச்செறிவும் வண்ணமும் ஒரே கம்பியில் கலந்து செல்வதால், ஒரு கோட்டில் தெளிவாகப் பிரித்தறியக்கூடிய புள்ளிகள் 500ஐத் தாண்டுவது அரிது. மேலும் ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளும் மாறி மாறி வரையப்படுவதால் மெல்லிய கிடைக்கோடுகள் நடுங்கும். திரைப்படத்திற்கு இது பெருங்குறையன்று. பாடத்திற்கு அப்படியா? தமிழில் ஒரு புள்ளி மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ‘க்’ என்பது ‘க’ ஆகும்!

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது பெரிய படமும் அன்று. மடிக்கணினித் திரையும் ஏறத்தாழ அதே 14 அங்குலந்தான். ஆகவே பழைய பெட்டியோடு இணைப்பதில் உண்மையான இலாபம் ஒலி மட்டுமே. அந்த ஒலிக்கு மாற்றியும் தேவையில்லை. காதணிபேசித் துளையிலிருந்து வெள்ளைத் துளைக்கு ஓர் எளிய வடம் போதும், இரண்டும் அனலாக். சில பெட்டிகள் படம் வராவிட்டால் ஒலியையும் நிறுத்திவிடும் என்பது மட்டுமே தடை. 2020 ஜூலையில், பள்ளிகள் மூடியிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் மடிக்கணினிகளில் காணொளிப் பாடங்கள் ஏற்றித் தரப்பட்டன. பேச்சரவம் மிகுந்த ஒற்றை அறை வீட்டில் அந்தச் சிறு ஒலிபெருக்கியோடு போராடிய மாணவிக்கு இந்த ஒரு வடம் எவ்வளவு உதவியிருக்கும்!

2006இல் படக்குழாய்ப் பெட்டி வாங்கியதைக் குறை கூறுவது நியாயமாகாது. தட்டைத்திரைகள் அன்று விலை மிகுந்தவை. 2011இல் மடிக்கணினி வழங்கியதும் துணிவான செயல். குறை வேறிடத்தில் உள்ளது. ஒவ்வொரு பொருளும் தனித்தனித் தீவாக எண்ணப்பட்டது. முன்னே கொடுத்த பொருளோடு பின்னே கொடுப்பது எப்படிச் சேரும் என்ற கேள்வி திட்டத்தில் இடம்பெறவில்லை. கணினி வரலாற்றில் இது புதிய கேள்வியும் அன்று. 1984இல் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு ‘கிளாஸ்’ திட்டத்தில் வந்த பி.பி.சி. மைக்ரோ கணினியில், வீட்டுத் தொலைக்காட்சியின் ஆன்டெனாத் துளையில் செருகவே ஒரு வாய் இருந்தது. மக்களிடம் எந்தத் திரை இருக்கிறது என்று அதை வடிவமைத்தோர் முதலில் எண்ணிப் பார்த்தனர்.

இன்று தட்டைத்திரைப் பெட்டிகள் பரவிவிட்டன, எச்.டி.எம்.ஐ. வடம் ஒன்றே படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. எனினும் சிக்கல் புதிய உருவில் திரும்புகிறது. இப்போதைய மெல்லிய கருவிகள் சிலவற்றில் யு.எஸ்.பி.-சி துளை மட்டுமே உண்டு. அப்படிப்பட்ட துளைகள் எல்லாமே படத்தை வெளியே அனுப்புவதில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என அறிவித்தது. இத்தகைய கொள்முதல் விதிகளில் செயலி வேகமும் நினைவகமும் குறிக்கப்படுவது போல, வெளித்திரைக்குப் படம் அனுப்பும் துளையும் கட்டாயமாக்கப்பட வேண்டும். எந்தத் துளைக்கு எந்த வடம் என்று தமிழில் படத்துடன் விளக்கும் ஒரு தாளும் பையில் இருக்க வேண்டும். இதற்காகும் செலவு கருவியின் விலையில் மிகச் சிறு பகுதியே. அதைச் செய்தால், ஒருவர் மடியில் இருக்கும் பாடம் வீடு முழுவதற்கும் பாடமாகும்.