கொதிக்கும் பனிக்கட்டியா?

சிம்ம விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ 32 ஒளியாண்டுத் தொலைவில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு செங்குறுமீன் இருக்கிறது. கிளீசே 436 என்பது அதன் பட்டியல் பெயர். அதைச் சுற்றும் கோளைப் பற்றி எழுதுவோர், 2007 முதல், “கொதிக்கும் பனிக்கட்டி உலகம்” என்றே தொடங்குகிறார்கள். அளவீடுகள் அந்தப் பெயரைத் தாங்குகின்றனவா என்று ஒருமுறை பொறுமையாகப் பார்த்துவிட வேண்டும்.

கோளைக் கண்டுபிடித்தது 2004இல், பால் பட்லர் குழு. ஹவாயின் கெக் தொலைநோக்கியில் அந்த விண்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, அது நொடிக்கு 18 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைவது தெரிந்தது. புறவழிச்சாலையில் போகும் பேருந்தின் வேகம்தான் அது. 2.64 நாளுக்கு ஒருமுறை அந்த அசைவு திரும்ப வந்தது. கணக்குப்படி கோளின் எடை குறைந்தது 21 பூமிகள். சுற்றுப்பாதையின் சாய்வு தெரியாததால், குறைந்தபட்ச எடையைத்தான் சொல்ல முடிந்தது. வாயுவா, பனியும் பாறையும் சேர்ந்ததா, வெறும் பாறையா என்ற கேள்வியை அவர்களே எழுப்பித் திறந்தபடி விட்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆனால் கண்டுபிடிப்பை அறிவித்த அதே கட்டுரை ஓரிடத்தில் சறுக்கியது. கோள் விண்மீனின் முகத்தைக் கடந்து ஒளியை மறைப்பதற்கு வாயுக்கோளாக இருந்தால் வாய்ப்பே இல்லை, திடக்கோளாக இருந்தாலும் வாய்ப்புக் குறைவு என்றது. 2007இல் மிக்கேல் ஜியோன் குழு அந்தக் கடப்பைப் பிடித்துவிட்டது. முதலில் பார்த்தது சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமமான செயின்ட் லூக்கில் உள்ள 60 செ.மீ. தொலைநோக்கி. கோள் விண்மீனின் விளிம்பை ஒட்டிக் கடக்கிறது. ஒளி ஒரு விழுக்காடுகூடக் குறைவதில்லை. இந்தத் துறையில் ‘இல்லை’ என்ற முடிவை எவ்வளவு ஐயத்தோடு வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கடப்பு கிடைத்ததும் எடையும் விட்டமும் கைக்கு வந்தன. சுமார் 22 பூமி எடை. ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி அளந்தபடி பூமியைப் போல் 4.2 மடங்கு விட்டம். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.6 கிராம், நம் நெப்டியூனின் அடர்த்தியேதான். இங்கேதான் தாவல் நிகழ்ந்தது. நெப்டியூனைப் போன்ற அடர்த்தி, ஆகவே உள்ளே பெரும்பகுதி நீர்ப்பனி என்றது ஜியோன் குழுவின் மாதிரி. செய்தித்தாள்கள் அதைக் கொதிக்க வைத்தன.

அடர்த்தி என்பது சராசரி. இரும்பும் பாறையுமான பெரிய கருவின்மேல் தடித்த ஹைட்ரஜன் போர்வை இருந்தாலும் 1.6 வரும், நீர் மிகுந்த உடலின்மேல் மெல்லிய போர்வை இருந்தாலும் வரும். வெறும் நீரோ வெறும் பாறையோ என்றால் கோள் இன்னும் சிறியதாக இருந்திருக்கும். வெறும் வாயு என்றால் இன்னும் பருத்திருக்கும். ஆக, 2004இன் மூன்று வாய்ப்புகளில் இரு ஓரங்களை மட்டுமே அடர்த்தி நீக்கித் தருகிறது. நடுவில் எது என்று அது சொல்வதில்லை.

வளிமண்டலத்தைக் கேட்டால் தெரியும் என்று நம்பினார்கள். 2010இல் கெவின் ஸ்டீவன்சன் குழு, ஸ்பிட்சரின் ஆறு அலைநீளப் பட்டைகளை வைத்துக்கொண்டு, எதிர்பார்த்த மீத்தேன் மிக அரிது, கார்பன் மோனாக்சைடு ஏராளம் என்றது. மறுஆண்டே ழான் பிலிப் போலியூ குழு மீத்தேன் நிறைய உண்டு என்றது. 2014இல் பழைய தரவை மீண்டும் அலசியவர்கள், 3.6 மைக்ரான் பட்டையில் கோளின் ஒளி முன்பு சொன்னதைவிடக் குறைவு என்றார்கள். மீத்தேன் அரிது என்ற முடிவின் முக்கியத் தூணே அந்தப் பட்டைதான். ஆறு புள்ளிகளைக் கொண்டு வெப்பத்தையும் பல வாயுக்களின் அளவையும் ஒன்றாகத் தீர்மானிக்க முயன்றது அளவுக்கு மீறிய துணிச்சல் என்பதே என் கருத்து. அதே ஆண்டு ஹெதர் நட்சன் குழு ஹப்பிளில் பார்த்தபோது நிறமாலை தட்டையாக இருந்தது. மேகமற்ற ஹைட்ரஜன் வானம் என்ற எளிய படம் அதோடு போயிற்று. உயரத்தில் மேகமோ, கனத் தனிமங்கள் மிகுந்த காற்றோ இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று 2015இல் வந்தது. ஹைட்ரஜன் உமிழும் புறஊதா ஒளியில் டேவிட் ஏரன்ரைக் குழு பார்த்தபோது, கடப்பின்போது விண்மீனின் அந்த ஒளியில் 56 விழுக்காடு மறைந்தது. கண்காண் ஒளியில் கோள் மறைப்பது ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். இடைவெளியை நிரப்புவது கோளிலிருந்து கழன்று வால்வெள்ளிபோல் நீளும் ஹைட்ரஜன் முகில். மாதிரியை நம்பி ஊகிக்க வேண்டியதில்லை. மறைப்பு அவ்வளவு பெரியது. ஹைட்ரஜன் போர்வை உண்டு என்று அடர்த்தி மறைமுகமாகச் சொன்னதை, தொடர்பே இல்லாத இன்னொரு அளவீடு நேரில் காட்டிவிட்டது.

எனவே என் தீர்ப்பு இது: சுற்றுக்காலம், எடை, விட்டம், ஹைட்ரஜன் போர்வை ஆகிய நான்கும் உறுதி. மீத்தேன் பற்றிய ஸ்பிட்சர் காலத்து முடிவுகள் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. பனிக்கட்டி ஒரு வாய்ப்பு மட்டுமே. நீர் இருந்தாலும் கோளின் கடும் வெப்பத்தில் அது பெரும்பாலும் நாம் அறிந்த பனிக்கட்டியாக இருக்காது. 2023இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் இந்தக் கோளுக்கு அவோஹாலி என்ற பெயரை அறிவித்தது. செரோக்கி மொழியில் கழுகு என்று பொருள். எழுதுவோர் இனி அந்தப் பெயரையே எழுதலாம்.