திருச்சியின் ஓதல் மரபு: ஹரக்கத்தும் மக்ரஜும்

குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளைக்கு முதல் படி எழுத்து, அடுத்த படி ஹரக்கத்து என்னும் உயிர்க்குறி. திருச்சி மக்தபுகளில் (ஓதல் பள்ளிகளில்) இந்த இரண்டாம் படிக்கு இரு வழக்குகள் உண்டு. ‘பே ஜபர் ப, பே ஜேர் பி, பே பேஷ் பு’ என்று கூட்டுவது பாரசீக, உருது வழி. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் இருந்த ஊரில் அது வேரூன்றியதில் வியப்பில்லை. ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்பது அரபிக் கல்லூரிகளில் ஓதி வந்த ஆலிம்களின் வழி. பெயர் வேறானாலும் குறி ஒன்றே; 8ஆம் நூற்றாண்டில் பஸராவின் கலீல் இப்னு அஹ்மத் வகுத்ததாகச் சொல்லப்படும் வடிவங்களே இன்றும் நடப்பில் உள்ளன.

இரு வழியும் உரசிக்கொள்ளும் இடம் ளாத் என்னும் எழுத்து. உருது பேசுவோர் ரம்ஜான், வுஜூ என்பர். தமிழ் ராவுத்தர் வீடுகளில் ரமளான், ஒளு. நாவின் பக்கவாட்டை மேல் கடைவாய்ப் பற்களில் பொருத்திச் சொல்ல வேண்டும் என்பது அரபு இலக்கண அறிஞர் சீபவைஹி காலம் தொட்டு வரும் விதி. அவ்வகையில் தமிழரின் ளகரமே சற்று நெருங்கி நிற்கிறது. ஆனாலும் ளகரம் நுனிநாவை வளைத்துச் சொல்வது. அதையே ளாத் என்று கொள்ள மூத்த உஸ்தாதுகள் (ஓதல் ஆசிரியர்கள்) ஒருநாளும் இசைந்ததில்லை.

குறில் நெடில் அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு மத்து என்னும் நீட்டல் எளிதில் பிடிபடும். இடறுவது உயிரின்மையைக் காட்டும் சுகூனில்தான். சொல்லின் கடைசியில் உகரம் சேர்ப்பது தமிழ் நாவின் பழக்கம். ஆகவே இக்லாஸ் சூராவில் ‘அஹத்’ என்று நிறுத்த வேண்டிய இடத்தில் ‘அஹது’ என்று வந்துவிடும். ஈற்றில் நிற்கும் தால் எழுத்தின் கல்கலா ஒரு சிறு அதிர்வு மட்டுமே, உயிர் ஏறக் கூடாது. பேஷுக்கோ உதடு குவிந்தாக வேண்டும். ‘காது’, ‘வீடு’ என்பவற்றின் ஈற்றுகரம் போல உதடு விரிந்தால் போதாது. பழைய திருச்சி உஸ்தாதுகள் பிள்ளையை எதிரே உட்கார வைத்து, கிதாபைவிட அதன் வாயையே கவனித்தார்கள். ஜேரை ‘எ’ என்றும் பேஷை ‘ஒ’ என்றும் தளர்த்தினால் அங்கேயே நிறுத்தினார்கள். எகர ஒகரங்களுக்கெனத் தனிக் குறி வைத்து, தமிழை அரபு எழுத்தில் அரபுத் தமிழாக எழுதிய சமுதாயத்துக்கு அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

அச்சிலும் இரு மரபு. இந்திய முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) ‘ஈ’ என்னும் நெடிலுக்கு ஜேரும், அடுத்த யாவின் மேல் சுகூனும் இருக்கும். மதீனா அச்சில் அந்த யாவுக்குக் குறியே இராது. இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்தால் புதிதாக ஓதுபவர் குழம்பாமல் என்ன செய்வார்?

இன்றைய நிலைமை கவலை தருகிறது. எவரையும் குறை கூறுவது நோக்கமன்று. நல்ல உஸ்தாதுகள் பலர் இருக்கிறார்கள். ஆயினும் எழுத்துக் கூட்டும் பயிற்சி பல இடங்களில் சுருங்கிவிட்டது. கத்தம் (குர்ஆனை ஓதி முடிப்பது) எப்போது என்று கேட்கும் பெற்றோர், மக்ரஜ் (எழுத்தின் பிறப்பிடம்) சரியா என்று கேட்பதில்லை. எல்லாவற்றிலும் பெரிய கேடு, தமிழ் எழுத்தில் அச்சிட்ட சூராக்களைப் பார்த்து ஓதுவது. ஸே, ஸீன், ஸாத் மூன்றும் அதில் ஒரே ஸகரம். இரண்டு ஹாவும் ஒன்று. ஐன் காணாமலே போகிறது. நாலு ஹரக்கத்து, ஆறு ஹரக்கத்து அளவுக்கு நீளும் மத்துகளை அளக்க அதில் வழியே இல்லை. ஃபாத்திஹாவில் ‘அன்அம்த’ என்பதன் ஜபர் பேஷானால், அருள் புரிந்தவன் நீ என்பது நான் என்றாகிவிடும். ஒரு ஹரக்கத்துக்கே இந்த நிலை என்றால், எழுத்தே மாறிப்போன ஓதலை என்னவென்பது? ஒரு தலைமுறை இப்படிப் பழகினால் அடுத்த தலைமுறைக்குத் திருத்திச் சொல்ல நாக்கு இராது.

இதைப் படிக்கும் அன்பர்களும் பெற்றோரும் ஒன்று செய்யலாம்: பிள்ளை ஹரக்கத்து முழுதும் கூட்டி ஓதி முடிக்கும் வரை தமிழ் எழுத்துப் பிரதியை அதன் கையில் கொடுக்க வேண்டாம், உஸ்தாதின் எதிரே உட்கார வையுங்கள்.