நண்பனை எழுதுதல்: ரகுநாதனின் நூலும் நமது லயங்களும்

இளமையில் மறைந்த நண்பனைப் பற்றி எழுதுவது எளிய காரியம் என்றொரு நினைப்பு நம்மிடையே நிலவுகிறது. துயரம் மிகுந்தால் சொல் தானே பெருகும் என்பர். பதுளையிலும் ஸ்பிரிங்வெளியிலும் சுற்றுத் தோட்டங்களிலும் அச்சாகும் நினைவு மலர்களைப் புரட்டிப் பார்த்தால் இதன் விளைவு தெரியும். ஒரு படம், பிறந்த நாள், மறைந்த நாள், இரண்டு மூன்று விருத்தங்கள், ஈடு செய்ய இயலாத இழப்பு என்னும் வாசகம்: இவ்வளவே. மறைந்தவன் எதை வாசித்தான், எதை எழுதி வைத்தான், யாரோடு எதன் பொருட்டு வாதிட்டான் என்ற செய்தி ஒன்றும் இராது. பெயரை மாற்றிவிட்டால் அதே மலர் இன்னொருவனுக்கும் பொருந்தும். அன்பு குறைந்ததால் நேர்வதன்று இது. அன்பை உழைப்பாக மாற்ற நாம் பழகாததால் நேர்வது.

இத்துறையில் தமிழில் நமக்கு ஒரு முன்னோடி நூல் உண்டு. 1948 ஜூன் 30ஆம் நாள் புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் காசநோயால் மறைந்தார். வயது 42. அவருடன் நெருங்கிப் பழகிய தொ. மு. சி. ரகுநாதன் 1951இல் 'புதுமைப்பித்தன் வரலாறு' எழுதி வெளியிட்டார். அப்போது அவர் இளைஞர். நண்பரைவிடப் பதினேழு ஆண்டு இளையவர். அந்நூலில் கண்ணீர் இல்லாமலில்லை. ஆயினும் கண்ணீர் கண்ணை மறைக்கவில்லை. நண்பரின் வறுமையோடு அவருடைய கூரிய நாவும் அங்கே இருக்கிறது. பத்திரிகை அலுவலகங்களில் தேய்ந்த நாட்களோடு, 'பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்' என்று சொந்தப் படக் கம்பெனி தொடங்கித் தோற்ற கதையும் இருக்கிறது. ரகுநாதன் இடதுசாரி எழுத்தாளர்; 'பஞ்சும் பசியும்' படைத்தவர். எனினும் இறந்த நண்பரைத் தம் கட்சிக்காரராக உருமாற்றிக் காட்டவில்லை. இறந்தவர் மறுத்துப் பேசமாட்டார் என்ற வசதியை அவர் பயன்படுத்திக் கொள்ளவில்லை என்பதே அந்நூலின் பெருமை. நமது முகாமில் இவ்வசதியைப் பயன்படுத்தியோர் பலர்.

குறை இல்லையா என்றால், உண்டு. 1999இல், எழுபத்தைந்தைக் கடந்த வயதில், நண்பர் மீது எழுந்த குற்றச்சாட்டுகளுக்கு மறுமொழியாக ரகுநாதன் மற்றொரு நூல் எழுதினார். 'புதுமைப்பித்தன் கதைகள்: சில விமர்சனங்களும் விஷமத்தனங்களும்' என்ற தலைப்பே அதன் சூட்டைக் காட்டும். விமர்சனத்தையும் விஷமத்தையும் ஒரே தட்டில் வைப்பது விமர்சகருக்கு அழகன்று. ஆனால் ஐம்பத்தோராண்டுக்குப் பின்னும் ஆதாரங்களோடு நண்பருக்காக வழக்காட முன்வந்தவரை இதற்காகக் கடிந்து கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

மலையகத்தாராகிய நமக்குப் புதுமைப்பித்தன் வெறும் அயலூர் எழுத்தாளர் அல்லர். 1935இல் 'மணிக்கொடி'யில் வந்த 'துன்பக்கேணி' நம்முடைய கதை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிய பாரதியின் பாட்டிலிருந்து தலைப்பை எடுத்து, திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியிலிருந்து மருதி என்னும் தாழ்த்தப்பட்ட பெண்ணை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பி, அவளுக்கு அங்கே நேர்ந்ததைச் சொன்ன கதை அது. புதுமைப்பித்தன் இலங்கைத் தோட்டத்தை நேரில் கண்டு எழுதியவர் அல்லர். ஆகவே ஊர்ப்பகுதி உயிரோடு எழுந்து நிற்க, தோட்டப்பகுதி தொலைவிலிருந்து பார்த்த மலைபோல் மங்கித் தெரிகிறது. கொழுந்து கிள்ளும் விரலின் வலி அதில் இல்லை. பிடுங்கி நடப்பட்ட மனிதரின் வலி இருக்கிறது. இவ்வாறு சொல்வது மறைந்தவரை அவமதிப்பதாகாது. ஒரு படைப்பை வரிவரியாகப் படித்தோம் என்பதற்கு இதைவிட வேறு சான்று ஏது?

அவர் மறைந்து ஐந்து மாதம் நிறையுமுன், 1948 நவம்பரில், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மருதியின் வழித்தோன்றல்கள் நாடற்றோராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1,50,000 பேரின் கதி பின்னர் பேசிக் கொள்ளலாம் என்று விடப்பட்டது. பங்கிட்டவர்கள் நட்பைக் கணக்கில் எடுத்தார்களில்லை. ஒரே லயத்தில் வளர்ந்து ஒரே பள்ளியில் படித்த இருவரில் ஒருவன் நீலகிரிக்குப் போனான், மற்றவன் நமுனுகுலைச் சாரலிலேயே நின்றான். 1983 ஜூலையில் பதுளை நகரும் எரிந்தது. இப்படிச் சிதறிய மக்களிடையே இளமையில் இறந்தவனுடைய எழுத்து எங்கே எஞ்சும்?

ஆதலின் சேகரிப்பே நமக்கு முதல் அஞ்சலி. ரகுநாதன் வரலாறு எழுதியதோடு நில்லாது நண்பரின் கவிதைகளையும் தொகுத்துப் பதிப்பித்தார். அதே 1951இல் நாகர்கோவிலில் இருபது வயதுச் சுந்தர ராமசாமி புதுமைப்பித்தன் நினைவு மலர் ஒன்றைக் கொண்டு வந்தார். நம் பதுளை மண்ணின் மு. நித்தியானந்தன் இதனினும் மேலானதொன்றைச் செய்தார்: 'வைகறை' வெளியீடாகத் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே'யை 1979இலும், என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுப்பை 1980இலும், அவ்விருவரும் உயிரோடிருந்து கண்ணாரக் காணும்படி அச்சிட்டார்.

ஸ்பிரிங்வெளியிலும் அண்டைத் தோட்டங்களிலும் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களிடமும், உயர்தரம் பயிலும் மாணவர்களிடமும் நாம் கேட்பது சிறிது. நண்பன் இறந்த வீட்டில் துக்கம் விசாரிக்கும்போது, அவன் கொப்பிகள் எங்கே என்றும் விசாரியுங்கள். கடிதம், பாதியில் நின்ற கதை, நாடகத்துக்கு எழுதிய வசனம், சங்கக் கூட்டத்தில் பேசக் குறித்த துண்டுத்தாள் எதையும் விடாமல் படியெடுங்கள். லயத்துக் கூரை ஒழுகும்; அடுத்த மழைக்கு முன்பே போக வேண்டும்.