பூட்டு விடும் ஓசை

உத்திரமேரூர்ப் பக்கம், ஏரிப் பாசன வயல். சம்பா நடவுக்குச் சேறடித்துக்கொண்டிருந்த பெரியப்பாவின் மாஸி ஃபெர்குசன் டிராக்டர் வரப்போரத்தில் உட்கார்ந்துவிட்டது. ஒரு பின்சக்கரம் சேற்றைக் கடைந்து வாரி இறைக்கிறது. மற்றது கெட்டித் தரையில் அசையாமல் நிற்கிறது. பெரியப்பா கீழே இறங்கவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. இன்ஜின் வேகத்தைக் குறைத்துவிட்டு, வலது குதிகாலால் இருக்கைக்குக் கீழே இருந்த சின்னப் பெடலை மிதித்தார். 'டக்'. இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழன்றன, வண்டி மேலே ஏறியது. ஏறியதும் காலை எடுத்தார். பெடல் எழவில்லை. அவர் பதறவில்லை. கிளட்ச்சை ஒரு கணம் அமுக்கிக் கொடுத்தார். 'டிக்' என்று சின்னதாய் ஓர் ஓசை, பெடல் மேலே வந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்டீயரிங்கில் கை வைத்தார்.

டிஃபரன்ஷியல் லாக் என்றால் மலையேறும் ஜீப்காரர்களின் ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நம் ஊரில் அது நஞ்சைக்காரரின் குதிகாலுக்கு அடியில் எத்தனையோ வருஷமாக இருக்கிறது. பிக்கப் வாங்கி, அதற்கு எந்தப் பூட்டு என்று நான் அலைந்த காலத்தில், படித்த பட்டியல்களைவிட அந்த 'டிக்'தான் எனக்கு வழி சொன்னது.

நான் இருப்பது தண்டலம். பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால். இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலையும் பந்தயத் தடமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அப்படியே தெற்கே போனால் ஒரகடம்: 2010-இல் ரெனோ-நிஸான், 2012-இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் என்று வரிசையாக வந்த ஆலைகள், வண்டிகளைச் சோதிக்கும் அரசு ஆய்வு மையம். வேலைக்குப் போவதும் வருவதும் இந்தச் சாலைகளில்தான். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வயல், எப்போதாவது ஜவ்வாது மலை. மாதத்தில் இருபத்தெட்டு நாள் தார், இரண்டு நாள் சேறு. பூட்டு தேர்ந்தெடுக்கிறவர் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். பெரும்பாலோர் அந்த இரண்டு நாளை மட்டும் நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள்.

மாட்டு வண்டிக்கு டிஃபரன்ஷியல் தேவைப்பட்டதே இல்லை. அச்சு நிலையாக நிற்கும், சக்கரம் இரண்டும் தனித்தனியாக அதன்மேல் சுழலும், இழுப்பது மாடு. அச்சையே சுழற்றி வண்டியை ஓட்ட நினைத்த நாளில்தான் தொல்லை ஆரம்பித்தது. பாரிஸ்காரர் ஒனெசிஃபோர் பெக்கூர், 1820-களின் இறுதியில், நீராவி வண்டிக்காக அதற்கு விடை கண்டார். தொல்லை எவ்வளவு பெரியது என்று தண்டலத்தில் ஒரு யூ-டர்ன் போட்டுப் பார்த்தால் தெரியும். பிக்கப்பின் இரு பின்சக்கரங்களுக்கு நடுவே ஏறக்குறைய 1.57 மீட்டர். அரைவட்டம் அடித்துத் திரும்புகையில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடக் கிட்டத்தட்ட 5 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். டயர் கணக்கில் இரண்டு முழுச் சுற்று. திருப்பம் பெரிதோ சிறிதோ, இந்த வித்தியாசம் மாறாது. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்கள் என்ற சின்னப் பல்சக்கரங்கள் தமக்குள் உருண்டு அந்த இரண்டு சுற்றைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகின்றன. இதைவிடப் பணிவான பொறியை நான் பார்த்ததில்லை.

அந்தப் பணிவுதான் சேற்றில் வினையாகிறது. சக்தியெல்லாம் வழுக்குகிற சக்கரத்துக்குப் போய்விடுகிறது என்பார்கள். சுற்று அங்கே போகிறது, சரி. திருகு விசை அப்படிப் போவதில்லை. சாதாரண டிஃபரன்ஷியல் பந்தியில் பாரபட்சம் பார்க்காமல் பரிமாறுகிறவரைப் போல: இரண்டு இலைக்கும் எப்போதும் சமம். ஆனால் ஒரு இலைக்காரர் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம் என்று கையை மறித்தால், பசியோடு இருக்கும் பக்கத்து இலைக்கும் ஒரு கரண்டிதான். சேற்றில் இருக்கும் சக்கரம் வாங்கிக்கொள்ளும் அந்தச் சொற்ப விசையே கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் கிடைக்கிறது. வண்டி நகர அது போதாது. இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாகக் கட்டிவிட்டால் பந்தி முறையே மாறிவிடும். யாரால் முடியுமோ அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்.

கட்டுவதற்கு வழிகள் பல. தட்டுகள் உரசிப் பிடிக்கும் எல்.எஸ்.டி. (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) வகையை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். தட்டு தேயும், அதற்கென்று தனி எண்ணெய் கேட்கும், ஒரு சக்கரம் முழுதாகத் தூக்கிக்கொண்டால் பாதி மனதோடுதான் உதவும்.

மனதைப் பறிகொடுத்தது டார்ஸனிடம். 1958-இல் வெர்னன் கிளீஸ்மன் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. தட்டு, ஸ்பிரிங், காற்று, மின்சாரம் எதுவும் இல்லாமல் பற்களின் சாய்வாலேயே பிடியுள்ள சக்கரத்துக்கு அதிக விசை தரும். சாய்வுப் பற்களை வெட்டித் தேய்த்து மெருகேற்றுகிற வேலையை அருகிலிருந்து பார்த்தவனுக்கு அது ஒரு சிற்பம். மழைநாள் தார்ச்சாலையில் அதற்கு இணையே இல்லை. ஆனால் அது பெருக்கல் கணக்கு; பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ஜவ்வாது மலைப் பாதையில் குறுக்குவாட்டுப் பள்ளத்தில் ஒரு சக்கரம் ஆகாயத்தில் தொங்கும்போது, பிரேக்கை லேசாகத் தொட்டு அந்தச் சக்கரத்துக்குப் போலிப் பாரம் கொடுத்தால்தான் அது வேலை செய்யும்.

இதற்கு நேர் எதிர் டெட்ராய்ட் லாக்கர். 1940-களில் நோ-ஸ்பின் என்ற பெயரில் வந்தது. அது எப்போதும் பூட்டியே இருக்கும், திருப்பத்தில் மட்டும் வெளிச்சக்கரத்தை விட்டுக்கொடுக்கும். சேற்றில் அசுரன். தாரில், அதுவும் பின்பாரம் இல்லாத பிக்கப்பில், அது கூடவே வாழ முடியாத உறவினர். வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் ஒரு குலுக்கு, மிதித்தால் இன்னொன்று. 'டகடக' என்று எண்ணிக்கொண்டே வரும். ஐப்பசி மழையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, காலித் தொட்டியோடு, பட்டை ஸ்பிரிங் மேல் துள்ளும் பின்பக்கம் திருப்பத்தில் விலகினால் என்ன ஆகும் என்பதை யோசிக்கவே வேண்டாம்.

ஈட்டனின் மெக்கானிக்கல் லாக்கர் நடுவழி. 2020-இல் வந்த மஹிந்திரா தாரால் நம் பையன்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது. இரு சக்கரங்களின் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் உள்ளே குட்டிப் பாரங்கள் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டும். வண்டி வேகமெடுத்துவிட்டால் பூட்டவே பூட்டாது. ஓட்டுகிறவர் ஒன்றும் செய்ய வேண்டாம். எனக்கு அதில் ஒரே குறை: பூட்டுவதற்கு முன்னால் சக்கரம் கொஞ்சம் வழுக்கியாக வேண்டும். பாலாற்று மணலில் அந்தக் கொஞ்சமே அரையடிக் குழி.

மிஞ்சுவது, நாமே போட்டு நாமே எடுக்கிற பூட்டு. 2022-இல் இங்கே வந்த டொயோட்டா ஹைலக்ஸில் மின்விசையால் இயங்கும் பின்பூட்டு ஆலையிலேயே உண்டு. ஃபோர்ஸ் குர்காவில் முன்னுக்கும் பின்னுக்கும். இல்லாத வண்டிக்கு ஆஸ்திரேலியக் கம்பெனி ஏ.ஆர்.பி.யின் ஏர் லாக்கர் மாதிரி ஒன்றை உள்ளே வைக்கலாம்: சிறு கம்ப்ரஸர், மெல்லிய காற்றுக் குழாய், ஒரு பிஸ்டன். சுவிட்ச் போடாத வரை அது வெறும் டிஃபரன்ஷியல். யூ-டர்னில் அந்த 5 மீட்டரை வழக்கம்போல விழுங்கிக்கொண்டிருக்கும். நான் எடுத்தது இந்த வகைதான். காற்றுக் குழாய் கசியலாம், மின்மோட்டார் ஈரத்தில் இறுகலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபத்தெட்டு நாள் தன்னைக் காட்டிக்கொள்ளாத பூட்டு இது ஒன்றுதான்.

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். சேற்றுக்குள் எப்போதாவது போகிறவருக்கு இது எதுவுமே தேவைப்படாமல் போகலாம். டயர் காற்றைப் பாதியாகக் குறைப்பதும், வழுக்குகிற சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தும் இன்றைய டிராக்‌ஷன் கன்ட்ரோலும் பாதிக் கதையை முடித்துவிடும். வாங்குவதற்கு முன் வாரன்ட்டிக்காரரிடமும் காப்பீட்டுக்காரரிடமும் கேட்டுவிடுவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

பொருத்துகிறவரின் கையைப் பற்றித் தனியே எழுத வேண்டும். டிஃபரன்ஷியலைச் சுழற்றும் கிரவுன், பினியன் என்ற இரு பல்சக்கரங்களும் ஆலையில் ஜோடியாகத் தேய்க்கப்பட்டவை. ஒன்றை மாற்றி இன்னொன்றோடு சேர்க்க முடியாது. பூட்டு உள்ளே போக, கிரவுனைக் கழற்றி மாட்ட வேண்டும். முதலில் ஒருவரிடம் விட்டு, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஊளையிடும் வண்டியைத் திரும்ப வாங்கினேன். இரண்டாவது மெக்கானிக் வயசானவர், லாரி ஹவுசிங்குகளிலேயே கை பழுத்தவர். பல்லில் வண்ணப் பசை தடவி, உருட்டி, எங்கே அழுந்துகிறது என்று பார்த்தார். தடம் பல்லின் நுனிக்கு ஏறியிருந்தது. தாள் போன்ற வளையங்களை மாற்றி மாற்றி வைத்து, டயல் கேஜில் பற்களின் இடைவெளி 0.15 மில்லிமீட்டரை ஒட்டி வரும்வரை விடவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் தடம் பல்லின் நடுவில், வேப்பிலை வடிவத்தில் வந்து உட்கார்ந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது மட்டும், "மாசத்துக்கு ஒருவாட்டி போட்டு எடுங்க தம்பி. சும்மா விட்டா புடிச்சுக்கும்," என்றார். ஒரகடத்து டிப்பர் ஓட்டுநர்களும் இதையேதான் சொல்வார்கள். அவர்களுடைய ஆறு சக்கர-நான்கு இயக்க வண்டிகளில் சக்கரங்களுக்கு நடுவே ஒன்று, அச்சுகளுக்கு நடுவே ஒன்று என்று பூட்டுகள் உண்டு. குவாரியில் போட்டதை மறந்து தாரில் ஏறி அச்சை முறித்துக்கொண்ட கதையும் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த மாத முறைக்காக வண்டியை வயலுக்கு எடுத்துப் போனேன். பெரியப்பா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் தரையைத் துழாவினார்.

"எங்கடா பெடலு?"

"சுவிட்சு பெரியப்பா, இதோ."

ஏரிக்கரைச் சரிவில் ஈரம் இருந்தது. சுவிட்சைப் போட்டேன், கம்ப்ரஸர் முனகியது, அடியில் 'டக்'. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே நாற்று பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வந்து, சுவிட்சை அணைத்து, திருப்பத்துக்கு முன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தச் சொன்னார், தலையைச் சாய்த்துக் கேட்டார். பின்னாலிருந்து, மெல்லிசாக.

"விட்டுடுச்சு. இப்போ திருப்பு."