பக்கெட்டில் போகும் உரம்

மீன் தொட்டியில் தண்ணீர் மாற்றும் நாளில் சைஃபன் குழாயைச் சரளைக்குள் இறக்கிப் பார்ப்பது தனி சுகம். கற்கள் உருண்டு எழும்பி விழும். பழுப்பு நிறக் கசடு மட்டும் ட்யூப் வழியே பக்கெட்டுக்கு இறங்கும். கருவி எளிமையானது, கெட்டிக்காரத்தனமானதும்கூட. குறுகிய ட்யூபில் விரைந்து ஓடும் தண்ணீர் அகன்ற வாய்ப்பகுதியில் மெதுவாகவே ஏறுகிறது. அந்த வேகத்துக்குக் கல் மேலே போகாது, வண்டல் போகும். மின்சாரமும் வேண்டாம். இந்தப் பழக்கம் இவ்வளவு பரவியதற்கு, அழுக்கு கண்ணெதிரே வெளியேறும் அந்தத் திருப்தியும் ஒரு காரணம்.

செடியில்லாத தொட்டிக்கு அது நியாயமான பழக்கமே. நான்கு கோல்டுஃபிஷ் வளரும் தொட்டியில் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகின்றன. பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளச் செடி இல்லாததால் தண்ணீர் மாற்றுவதுதான் பெரும்பாலும் வழி. சரளைக்கு அடியில் ஃபில்டர் தட்டு வைத்த தொட்டிகளில் தேவை இன்னும் அதிகம்: தண்ணீர் சரளை வழியாகவே இழுக்கப்படுவதால் கசடு அடைத்தால் ஃபில்டரே நின்றுபோகும்.

செடி வந்ததும் கணக்கு மாறுகிறது. பழக்கம் மட்டும் பழையபடியே நிற்கிறது. செடித் தொட்டிகளைப் பற்றி 1999-இல் வெளிவந்த டயானா வால்ஸ்டாடின் நூல், நீர்ச்செடிகள் பலவும் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே முதலில் எடுத்துக்கொள்கின்றன என்பதை விரிவாகப் பேசியது. அப்படியானால் சரளையில் தங்கும் வண்டல் பாதி அழுக்கு, பாதி உரம். இலங்கை ஓடைகளைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வென்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வேரால் அதிகம் உண்ணும் செடி அது. வேரைக் கலைத்தால் சில நாளில் இலைகள் கண்ணாடிபோலாகிக் கூழாகக் கரையும். என் தொட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சுத்தத்துக்குப் பிறகு ஒரு புதர் முழுவதும் அப்படிப் போனது. நோய் என்று நினைத்து மருந்து வாங்கி ஊற்றினேன், நோய் நான்தான். சரளைக்கு அடியில் மண் பரப்பிய தொட்டியிலோ, குழாயை ஆழமாகக் குத்தினால் மண்ணே மேலேறித் தண்ணீர் சேறாகும்.

இதற்கு நேர்மாறாக, ‘செடித் தொட்டியில் சரளையைத் தொடவே கூடாது’ என்பாரும் உண்டு. அதுவும் எனக்கு ஒப்பவில்லை. நல்ல பாக்டீரியா போய்விடும் என்ற அவர்களின் அச்சம் மிகை. அது கல்லில் படலமாக ஒட்டியிருக்கிறது, சைஃபனுக்கு அவ்வளவு எளிதில் வராது. அதைக் கொல்வது, வருடம் ஒருமுறை சரளையை அள்ளிக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்து வெயிலில் காயவைக்கும் நம் வீட்டு வழக்கம். மறுவாரம் மீன் செத்தால் திட்டு கடைக்காரருக்கு.

வேர் எட்டாத இடத்தில் தீனி மலையாகக் குவிந்தால் அதை உண்ண எந்தச் செடியும் வராது என்பதையும் அவர்கள் மறக்கிறார்கள். ஆழமாக இறுகிய நுண்மணலில் ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகலாம். வேர் நிறைந்த இடத்தில் இந்த ஆபத்து குறைவு. வேர்களே சுற்றிலும் கொஞ்சம் ஆக்சிஜன் கசியவிடுகின்றன. நம் ஊர்க் குளங்களிலும் உள்ள கூம்பு வடிவ நத்தையான மெலனாய்டஸ் பகலில் சரளைக்குள் புதைந்து அதைக் கிளறித் தருகிறது. கிளறும், அவ்வளவுதான், கசடைத் தொட்டியைவிட்டு வெளியேற்றாது.

அதனால் நான் இப்போது குழாயைக் குத்துவதில்லை. செடிகளுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து, மிதக்கும் கசடையும் அழுகிய இலையையும் மட்டும் இழுக்கிறேன். முன்பக்கக் கண்ணாடியோரம் செடியில்லாத பட்டையில்தான் ஆழம் போவது, அதுவும் ஒரு தடவைக்குக் கொஞ்சம். பல மாதம் தொடாத சரளையை ஒரே நாளில் முழுக்கக் கிளறினால், கலங்கிய தண்ணீரில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும்.

பக்கெட்டில் சேர்ந்த பழுப்புத் தண்ணீரை மாடியில் மல்லிகைக்கு ஊற்றுகிறோம். நல்ல உரம் என்று பக்கத்து வீட்டாருக்கும் சொல்கிறோம். அப்புறம் கீழே வந்து, தொட்டிச் செடி மஞ்சளாகிறதே என்று பாட்டிலில் அடைத்த திரவ உரத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிறோம்.