ஃபாரம் கணக்கில் பொன்னியின் செல்வன்

தேனாம்பேட்டை இளங்கோ சாலையில் பாரதி புத்தகாலயம் இருக்கிறது. அங்கிருந்து அண்ணா சாலையைப் பிடித்து வடக்கே போனால் தேவநேயப் பாவாணர் நூலகம். பஸ்ஸில் சில நிறுத்தம்தான். ஆனா பதிப்பாளரோட கிடங்கிலிருந்து நூலக அலமாரிக்குப் புத்தகம் போற வழி அவ்வளவு நேரானது இல்லை. நடுவில் நூலக ஆணை இருக்கு.

பொது நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்கும் இந்த ஆணையைப் பற்றிப் பேச ஆரம்பிச்சாலே தாமதம், பாக்கி, சிபாரிசு என்றுதான் பேச்சு போகும். எனக்கு உறுத்துவது அதோட அளவுகோல்.

நீண்ட காலமாக அந்த அளவுகோல் ஃபாரம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், ஃபாரத்துக்கு இவ்வளவு ரூபாய். தாளுக்கும் அச்சுக்கும் இதில் கணக்கு உண்டு. ஒரு ஆராய்ச்சி நூலுக்குச் சொல்லடைவு தயாரிக்க ஒருத்தர் இரண்டு மாசம் உட்கார்ந்தால், கூடுதலாகக் கிடைப்பது ஒரு ஃபாரத்துக்கான காசு. எழுத்தைப் பெரிசாக்கி ஓரத்தை அகலமாக விட்டாலும் அதே காசு கிடைச்சிடும்! தமிழ் நூல்களில் சொல்லடைவு அபூர்வமாக இருப்பதற்கு இது ஒன்றே காரணம் இல்லை, ஆனால் இதுவும் ஒரு காரணம்.

ஃபாரம் எண்ணத் தெரிந்த முறைக்குப் புத்தகத்தை அடையாளம் காணத் தெரியலை. பொன்னியின் செல்வனையே எடுத்துக்கோங்க. கல்கியின் எழுத்து நாட்டுடைமை, யார் வேணும்னாலும் அச்சிடலாம். ஐந்து பாகமும் தனித்தனியா ஒருத்தர், ஒரே கட்டாக இன்னொருத்தர், சுருக்கி வேறொருத்தர். பட்டியலில் தலைப்பும் கல்கி பெயரும் மட்டும் இருந்தால் எது வந்து சேரும்? இதுக்குத்தான் ஐ.எஸ்.பி.என். ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருது. செலவு என்கிற சாக்கு செல்லாது.

எண் மட்டும் போதாது. உ.வே.சா., சாமிநாதையர், சாமிநாத ஐயர் எல்லாம் ஒரே மனுஷர். மூணு நூலகத்தில் மூணு பேர் தட்டச்சு செய்தால் மூணு ஆசிரியர் ஆகிடுறார். எஸ்.ஆர். ரங்கநாதன் இதை எப்பவோ யோசிச்சிட்டார். புத்தகம் வெளிவரும் முன்பே அதன் பகுப்பெண்ணும் பட்டியல் குறிப்பும் தயாராகிடணும் என்பது அவர் யோசனை. அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகம் 1971லிருந்து இதுமாதிரி செய்துட்டு வருது. அவரோ சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் 1924லிருந்து 1944 வரை வேலை பார்த்தவர். 1948லேயே பொது நூலகச் சட்டம் போட்டதும் நம்ம மாகாணம்தான்.

இப்போ கொள்முதலுக்கு இணையதளம் வந்திருக்கு, நல்லது. பதிப்பாளர் அதில் தரும் விவரத்தை ஒரு நூலகர் ஒரே ஒரு தடவை சரிபார்த்தால் போதும். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு அதையே அனுப்பலாம். குறிப்பு இல்லாத புத்தகத்துக்கு பில் பாஸ் ஆகாது என்று ஒரு வரி சேர்த்தால், பெரிய பதிப்பகங்கள் சீக்கிரம் பழகிடும். சின்னப் பதிப்பாளருக்கு இது சுமைதான். பிழை திருத்துறது, பார்சல் கட்டுறது எல்லாம் ஒரே ஆள். அவங்களுக்கு மாவட்ட நூலகமே குறிப்பை எழுதிக் கொடுக்கட்டும். சொல்லடைவுக்குத் தனி விலை போடுங்க, ஃபாரத்தோட சேர்க்காதீங்க.